சோபாவில் உட்கார்ந்து பிசி கேம்: புது கன்ட்ரோலர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை புதுவண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. ஒரு சுவரில் டிவி, எதிர்ச் சுவரில் சோபா, நடுவில் பாய் விரிக்க இடம், மூலையில் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்து, சோபாவில் சாய்ந்தபடி மூன்று வருடமாக விளையாடுகிறேன். போன மாதம் புது கன்ட்ரோலர் ஒன்று வாங்கினேன். அதைப் பார்த்த தெருப் பிள்ளைகள், ஆபீஸ் நண்பர்கள், மாடி வீட்டு அக்கா எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்டார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

ப்ரோ, ஜாய்ஸ்டிக், கேம்பேட், கன்ட்ரோலர்... எல்லாம் ஒண்ணா, வேற வேறயா?

பேச்சில் எல்லாம் ஒன்றுதான். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து பிளேஸ்டேஷன் ஆடிய கடைகளில் இதற்கு 'ரிமோட்' என்றே பெயர். ஆனால் கடையிலோ ஆன்லைனிலோ தேடும்போது 'ஜாய்ஸ்டிக்' என்று போட்டால் விமானம் ஓட்டும் கேமுக்கான ஒற்றைக் கம்பியும் சேர்ந்து வரும். கேம்பேட் அல்லது கன்ட்ரோலர் என்று தேடுங்கள். இரண்டு கட்டைவிரலுக்கும் இருக்கிற குச்சியை இங்கே ஸ்டிக் என்றும், ஆள்காட்டி விரலுக்குக் கீழே உள்ளே அமுங்குவதை ட்ரிகர் என்றும் எழுதுகிறேன்.

கீபோர்டு மவுஸ் இருக்கே. தனியா எதுக்கு துட்டு செலவு பண்ணணும்?

என்ன ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கார் கேம், ஃபுட்பால், சண்டை கேம், ஓடித் தாவும் கேம் என்றால் கன்ட்ரோலர் கொடுக்கும் சுகமே வேறு. கீபோர்டில் ஒரு பட்டன் அமுங்கியிருக்கும், இல்லை அமுங்காமல் இருக்கும். நடுவில் எதுவும் கிடையாது. ஸ்டிக்கைக் கொஞ்சம் சாய்த்தால் கார் கொஞ்சம் திரும்பும், ட்ரிகரைப் பாதி அமுக்கினால் பாதி வேகத்தில் போகும்.

குறிபார்த்துச் சுடும் போட்டி கேம் மட்டும்தான் ஆடுவேன் என்றால் வாங்காதீர்கள். வேலரன்ட் கேமின் பிசி பதிப்பு கன்ட்ரோலரை ஏற்பதே இல்லை. படை நடத்தும் கேம்களுக்கும் மவுஸ்தான் சரி.

கன்ட்ரோலர் போட்டா கேம் ஸ்பீடா ஓடுமா?

ஓடாது. அது கிராஃபிக்ஸ் கார்டு, பிராசஸர் சம்பந்தப்பட்டது.

சோபாவுக்கும் டிவிக்கும் ஏழடிதான் இருக்கு. ஒயர் வெச்சதே போதுமா?

போதும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கன்ட்ரோலர் பற்றி வரும் வீடியோக்களில் பாதி பெரிய பெரிய ஹால் வைத்திருப்பவர்கள் எடுப்பவை. அவர்களுக்கு ஒயர்லெஸ் இல்லாமல் முடியாது. நம் பக்கம் தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி வீடுகளில் ஹால் என்பதே எட்டடி, பத்தடி. மூன்று மீட்டர் ஒயர் என்றால் கிட்டத்தட்ட பத்தடி. கம்ப்யூட்டரிலிருந்து சோபா வரை தாராளமாக வரும். யுஎஸ்பி 2.0 ஒயர் ஐந்து மீட்டர் வரை போகலாம் என்பதே விதி. ஒரே விலையில் ஒயர் உள்ளதும் ஒயர்லெஸ்ஸும் இருந்தால், ஒயர் உள்ளதில் பெரும்பாலும் நல்ல ஸ்டிக்கும் நல்ல பட்டனும் போட்டிருப்பார்கள்.

ஒரே ஒரு தொந்தரவு, ஒயர் ஹாலின் குறுக்கே ஓடும். சமையல்கட்டிலிருந்து அம்மா கையில் குழம்புச் சட்டியோடு வரும் வழி அதுதான். எங்கள் வீட்டில் நான் ஒயர்லெஸ்ஸுக்கு மாறியதற்கு அது மட்டுமே காரணம். ஒயரைச் சுவர் ஓரமாக, பாய்க்கு அடியில் கொண்டுபோக வழி இருந்தால் காசை மிச்சம் பிடியுங்கள்.

ப்ளூடூத்துக்கும் அந்தக் குட்டி டாங்கிளுக்கும் இன்னா வித்தியாசம்?

இரண்டுமே பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையில்தான் பேசுகின்றன. டாங்கிள் என்பது அந்த கன்ட்ரோலருக்காகவே செய்த ரிசீவர். யுஎஸ்பியில் சொருகினால் வேலை முடிந்தது. ப்ளூடூத் பொதுவானது. பழைய டெஸ்க்டாப்பில் அது இருக்காது, தனியாக வாங்கிச் சொருக வேண்டும். தடையில்லாமல் ஆட டாங்கிள் நல்லது. போன், லேப்டாப் என்று மாற்றி மாற்றி ஆட ப்ளூடூத் வசதி. இரண்டும் சேர்ந்து வருகிற மாடல்களும் உண்டு.

பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரை செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2013-ல் வந்த முதல் மாடலில் ப்ளூடூத் கிடையாது, 2016-ல் வந்ததிலிருந்து உண்டு. நடுவில் ஒளிரும் எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைப் பாருங்கள். அது முகப்புப் பகுதியோடு ஒரே பிளாஸ்டிக்காகச் சேர்ந்திருந்தால் ப்ளூடூத் உண்டு. மேலே உள்ள தோள் பட்டன்களோடு சேர்ந்த தனித் துண்டாக இருந்தால் இல்லை.

எவ்ளோ பட்ஜெட் வெச்சுக்கணும்? ரிச்சி ஸ்ட்ரீட்டா, ஆன்லைனா?

ஆயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரத்துக்குள் இன்று நல்ல கன்ட்ரோலர் கிடைக்கிறது. ஐந்தாயிரத்துக்கு மேல் போனால் எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் கம்பெனி சரக்கு. ஐந்நூறு, அறுநூறுக்கு வருபவற்றை நான் யாருக்கும் சொல்வதில்லை. அவற்றில் ட்ரிகர் பெரும்பாலும் வெறும் பட்டன்தான். பாதி அமுக்கம் என்பதே இருக்காது. கார் கேமுக்கு வாங்கிவிட்டு மனம் நொந்துபோவீர்கள்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவின் லாபம், கையில் பிடித்துப் பார்க்கலாம். கடைக்காரரிடம் கேட்டு இரண்டு மூன்று மாடலைப் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரல் இரண்டு ஸ்டிக்கையும் சிரமமில்லாமல் எட்டுகிறதா என்பது பத்து நொடியில் தெரியும். ஆன்லைனின் லாபம், சில நாள் வைத்துப் பார்த்து மாற்றலாம். ஆனால் எலக்ட்ரானிக்ஸ் பொருளுக்குப் பல இடங்களில் வேறு பீஸ்தான் தருவார்கள், பணம் திரும்ப வராது. எத்தனை நாள், பணமா பீஸா என்று வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். எங்கே வாங்கினாலும் பில் வேண்டும். பில் இல்லாவிட்டால் வாரன்டி இல்லை.

'ஹால் எஃபெக்ட்'னு பெட்டில போட்டிருக்கு. உண்மையிலேயே நல்லதா, விளம்பரமா?

உண்மையிலேயே நல்லது. ஏன் என்று புரிய, என் பழைய கன்ட்ரோலர் கதையைச் சொல்ல வேண்டும். ஃபுட்பால் கேமில் நான் ஸ்டிக்கைத் தொடாதபோதும் என் பின்வரிசை ஆட்டக்காரர் மெல்ல இடது பக்கம் நடந்துகொண்டே இருந்தார். இதற்குத்தான் டிரிஃப்ட் என்று பெயர். திறந்து பார்த்தேன். ஸ்டிக்கின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் குதிரை லாடம் போல வளைந்த கறுப்புக் கார்பன் பாதை, அதன்மேல் உரசி ஓடும் மெல்லிய உலோக விரல். அந்த விரல் ஓடிய இடத்தில் கறுப்பு தேய்ந்து வெளிறிய கோடு விழுந்திருந்தது. ஓரத்தில் மை போலக் கரித்தூள். அந்தப் பாதையில் எங்கே தொடுகிறது என்பதை வைத்துத்தான் கன்ட்ரோலர் ஸ்டிக்கின் சாய்வை அறிகிறது. பாதை தேய்ந்தால் கணக்கு தவறும்.

ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் இந்த உரசலே இல்லை. ஸ்டிக்கின் அடியில் காந்தம். அது நகர்வதைத் தொடாமலே ஒரு சென்சார் உணர்கிறது. எட்வின் ஹால் 1879-ல் கண்டுபிடித்த விளைவு இது, அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1998-ல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இது இருந்தது. டிஎம்ஆர் என்று போட்டிருந்தால் அதுவும் காந்த வகைதான், இன்னும் நுணுக்கமாக அளக்கக்கூடியது. இரண்டில் எது கிடைத்தாலும் வாங்கலாம். அதற்காக ஸ்டிக்கே கெடாது என்று நினைக்க வேண்டாம். நடுவுக்குத் திருப்பும் ஸ்பிரிங் தளரலாம், மேல் ரப்பர் தேயலாம்.

புதுசா வாங்கியாச்சு. நல்ல பீஸா இல்லையான்னு எப்படிச் சோதிக்கிறது?

நான் முதலில் சொல்வது, மாற்றும் நாள் முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். நம் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு, வாங்கி வந்து பரீட்சை முடியட்டும் என்று எடுத்து வைப்பது. பெட்டி பிரிக்கும்போது போனில் வீடியோ எடுங்கள். உறை, அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

விண்டோஸின் தேடல் கட்டத்தில் 'யுஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ்' என்று தேடினால் சோதனைப் பெட்டி திறக்கும். பிரவுசரிலேயே இயங்கும் கேம்பேட் டெஸ்டரும் உண்டு. அதில் எண்ணாகவே காட்டும் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். ஸ்டிக்கை ஒரு பக்கம் முழுக்கச் சாய்த்து, சட்டென்று விடுங்கள். நடுவுக்கு வந்து நிற்கும் எண்ணைப் பாருங்கள் (நடு என்றால் 0, முழுச் சாய்வு என்றால் 1). நான்கு திசைக்கும் பத்துப் பத்து தடவை செய்யுங்கள். 0.05-க்குள் நின்றால் கவலையில்லை. புதுப் பீஸிலேயே 0.1-ஐத் தாண்டினால் நான் மாற்றிவிடுவேன். அப்புறம் ஸ்டிக்கை விளிம்போடு மெதுவாகச் சுற்றுங்கள், எங்கும் உள்வாங்காமல் வட்டம் முழுதாக வர வேண்டும். ட்ரிகரை மிக மெதுவாக அமுக்கினால் எண் 0-விலிருந்து 1 வரை படிப்படியாக ஏற வேண்டும், குதித்தால் கோளாறு. திசைப் பட்டனில் 'மேலே' என்பதை மட்டும் அழுத்தமாக அமுக்குங்கள், இடமோ வலமோ கூடவே விழுந்தால் சண்டை கேமில் அவதிதான்.

இதெல்லாம் பத்து நிமிட வேலை. அதற்கப்புறம்தான் உண்மையான சோதனை. உங்கள் சோபாவில், நீங்கள் எப்படிச் சாய்வீர்களோ அப்படிச் சாய்ந்து, உங்கள் கேமை ஒரு மணி நேரம் ஆடுங்கள். மேசை முன் நிமிர்ந்து உட்கார்ந்தால் தெரியாத குறை, கால் மடக்கிச் சாயும்போது தெரியும். போன மாதம் வாங்கியதில் டெஸ்டரில் எல்லாம் சரியாக வந்தது. இரண்டாம் நாள் இரவு, தலையணையில் சாய்ந்து ஆடும்போது இடது தோள் பட்டன் நான்கு அமுக்கில் ஒன்றை விட்டது. சாய்ந்திருக்கும்போது என் விரல் அந்தப் பட்டனின் நுனியில் படாமல், உள் ஓரத்தில் படுகிறது. அந்த ஓரத்தில் 'க்ளிக்' என்ற சத்தமே வரவில்லை. ஐந்தாம் நாள் மாற்றிவிட்டேன். இரண்டாவது பீஸ் ஓரத்திலும் க்ளிக் ஆகிறது.

ஒயர் சொருகினா சார்ஜ் ஏறுது, ஆனா கம்ப்யூட்டர்ல காட்டவே இல்ல. பீஸ் போச்சா?

பெரும்பாலும் ஒயர்தான் காரணம். சார்ஜ் மட்டும் ஏற்றும் ஒயர், டேட்டாவும் கடத்தும் ஒயர் என்று இரண்டு வகை உண்டு. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பவர் பேங்க்கோடு வந்த ஒயரைப் போட்டுவிட்டு கன்ட்ரோலரைக் குறை சொல்லாதீர்கள். அதே ஒயரில் போனைச் சொருகிப் பாருங்கள், போட்டோக்கள் கம்ப்யூட்டரில் திறந்தால் டேட்டா ஒயர்.

விண்டோஸ்ல எல்லா பட்டனும் வேலை செய்யுது, கேம்ல மட்டும் ஒண்ணும் ஆகல. ஏன்ணா?

கன்ட்ரோலர் கம்ப்யூட்டரோடு பேச இரண்டு வழிகள் உண்டு. பழையது டைரக்ட்இன்புட், எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது எக்ஸ்இன்புட். இப்போது வரும் கேம்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எதிர்பார்க்கின்றன. பல கன்ட்ரோலர்களில் இரண்டுக்கும் இடையே மாற்றச் சின்ன ஸ்விட்சோ, பட்டன் சேர்க்கையோ இருக்கும். கூட வந்த சீட்டைப் படித்து எக்ஸ்இன்புட்டுக்கு மாற்றுங்கள். ஏ-யும் பி-யும் இடம் மாறி வேலை செய்தால் அது நின்டெண்டோ ஸ்விட்ச் மோடில் நிற்கிறது என்று அர்த்தம்.

வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் போன்ற பழைய கேம்களில் கன்ட்ரோலர் சரியாக வராது, அவை எக்ஸ்இன்புட் பரவுவதற்கு முந்தைய வார்ப்பு. அவற்றை ஸ்டீமில் (பிசி கேம் வாங்கி ஆடும் சாஃப்ட்வேர்) 'நான்-ஸ்டீம் கேம்' என்று சேர்த்து, ஸ்டிக்கை கீபோர்டு பட்டன்களாக மாற்றிக்கொள்ளலாம். மற்ற இடங்களில் வாங்கிய கேம்களுக்கும் இந்த வழி உதவும்.

பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரை பிசில போடலாமா?

போடலாம். அந்த கன்ட்ரோலரின் பெயர் டூயல்சென்ஸ். அதில் இடது பக்கச் சின்ன கிரியேட் பட்டனையும் நடுவில் உள்ள பிஎஸ் பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தால் ப்ளூடூத்துக்குத் தயாராகி விளக்கு மின்னும். ஸ்டீம் அதை நேராகப் புரிந்துகொள்ளும். மற்ற கேம்களில் முன் கேள்வியில் சொன்ன ஸ்டீம் வழி. திரையில் வட்டம், சதுரத்துக்குப் பதில் ஏ, பி என்று காட்டினால் பயப்பட வேண்டாம். கேம் அதை எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் என்று நினைக்கிறது, அவ்வளவுதான். ட்ரிகர் இறுகுவது, நுண்ணிய அதிர்வு எல்லாம் அதற்கென்று எழுதிய கேம்களில் மட்டும் வரும், பெரும்பாலும் ஒயரில் இணைத்தால்தான்.

போலி நிறையச் சுற்றுகிறது. பலவற்றில் நடுவில் உள்ள டச்பேட் வெறும் பட்டனாக மட்டும் அமுங்கும், விரல் நகர்வை உணராது. ஸ்டீமின் கன்ட்ரோலர் சோதனையில் டச்பேடும் ஜைரோவும் (கன்ட்ரோலர் சாய்வதை உணரும் சென்சார்) அசைகிறதா என்று பாருங்கள்.

ஒரு தடவை அமுக்கினா ரெண்டு தடவை அமுக்கின மாதிரி போகுது. பட்டன் கோளாறா?

பெரும்பாலும் இரண்டு சாஃப்ட்வேர் ஒரே கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலருக்காகத் தனியாக ஒன்றைப் போட்டு, ஸ்டீமிலும் அதே வேலையைச் செய்யவிட்டால் இப்படித்தான் வரும். ஒன்றை அணைத்துவிடுங்கள்.

மானிட்டர்ல நல்லா ஆடுது, டிவில ஆடினா லேட்டா வருது. கன்ட்ரோலர் மாத்தணுமா?

மாற்றாதீர்கள். முதலில் டிவியின் பட அமைப்பில் 'கேம் மோட்' போடுங்கள். கேரம் ஆடியவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஸ்ட்ரைக்கரைச் சுண்டிய கணமே காய் நகர வேண்டும். அரை நொடி கழித்து நகர்ந்தால் எப்படி ஆடுவது? டிவி படத்தை அழகுபடுத்த, ஒவ்வொரு ஃப்ரேமையும் பிடித்து வைத்து வேலை செய்துவிட்டுத்தான் காட்டும். சினிமாவுக்கு அது நல்லது. கேமுக்கு அந்தத் தாமதம் பல டிவிகளில் 50, 100 மில்லிசெகண்ட் வரைகூடப் போகும். கேம் மோடில் அந்த வேலைகளை நிறுத்திவிடும்.

ஒப்பிட்டுப் பாருங்கள். 60 ஃப்ரேமில் ஓடும் கேமில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட். நொடிக்கு 125 முறை பேசும் கன்ட்ரோலர் 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பேசுகிறது. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்ட 1000 ஹெர்ட்ஸ் கன்ட்ரோலர் 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. அந்த ஏழு மில்லிசெகண்டுக்காக ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்துவிட்டு, டிவியில் இலவசமாகக் கிடைக்கும் கேம் மோடைப் போடாதவர்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

ஒயர்லெஸ்ல ஆடும்போது விட்டு விட்டு கட்டாகுது. ஏழடிக்கே இப்படியா?

தூரம் காரணமில்லை. டாங்கிள் எங்கே சொருகியிருக்கிறது? கேபினட்டின் பின்பக்கம் என்றால் நடுவில் இரும்புப் பெட்டி, பின்னால் சுவர். கூடவே நீல நிற யுஎஸ்பி 3.0 ஓட்டையில் ஹார்டு டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். யுஎஸ்பி 3.0 இணைப்பு ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் கிளப்புகிறது என்று இன்டெல் 2012-லேயே அறிக்கை வெளியிட்டது. ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, டாங்கிளைக் கேபினட்டிலிருந்து தள்ளி, சோபாவுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். பத்தில் எட்டு பேருக்கு நான் சொன்ன மருந்து இதுதான், கேட்டது.

நம் தெருக்களில் இன்னொன்றும் உண்டு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்; போனில் வைஃபை தேடினால் பதினைந்து, இருபது பெயர் வரும். பெரும்பாலும் எல்லாம் 2.4-லேயே. உங்கள் வீட்டு ரூட்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் இருந்தால் கம்ப்யூட்டர், டிவி, போன் எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். பக்கத்து வீட்டுக்காரரை மாற்றச் சொல்ல முடியாது, நம் பங்குக்காவது நெரிசல் குறையட்டும்.

ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் மவுஸ் புடிக்கிறது கடுப்பா இருக்கு. சோபாலேர்ந்தே எல்லாம் பண்ண முடியாதா?

ஸ்டீமில் 'பிக் பிக்சர்' என்ற முழுத்திரை முகப்பு இருக்கிறது. கன்ட்ரோலரின் நடு பட்டனை அமுக்கினால் அதற்குள் போகலாம்; எழுத்து பெரிதாக இருக்கும், கேம் தேர்வது, மூடுவது, கம்ப்யூட்டரை அணைப்பது வரை அதிலேயே முடியும். பெயர் தட்ட வேண்டிய இடங்களில் திரைக் கீபோர்டும் வரும். டிவியில் விண்டோஸ் எழுத்து பொடியாகத் தெரிந்தால் ஸ்கேலிங்கை 150 சதவீதமாக்குங்கள். இருந்தாலும் டச்பேட் ஒட்டிய சின்ன ஒயர்லெஸ் கீபோர்டு ஒன்று சோபாவில் கிடக்கட்டும். பாஸ்வேர்டு கேட்கும்போது அதன் அருமை தெரியும்.

கம்ப்யூட்டர் உள் ரூம்ல, டிவி ஹால்ல. நடுவுல சுவரு. என்ன பண்ணலாம்?

எச்டிஎம்ஐ ஒயரை இழுக்க முடிந்தால் அதுதான் முதல் வழி. ஐந்து மீட்டருக்குள் என்றால் நல்ல சாதாரண ஒயர் போதும். அதற்கு மேல், அதுவும் 4கே என்றால், ஃபைபர் வகை எச்டிஎம்ஐ பாருங்கள். அதற்குத் திசை உண்டு, டிவி முனை எது என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சொருகுங்கள். கன்ட்ரோலர் டாங்கிளுக்கும் எக்ஸ்டென்ஷன் வேண்டும்.

ஒயர் முடியாது என்றால் ஆண்ட்ராய்டு டிவியில் ஸ்டீம் லிங்க் ஆப் போட்டு, வீட்டு நெட்வொர்க் வழியே படத்தை வரவழைக்கலாம். அப்போது கன்ட்ரோலரை டிவியோடு இணைக்க வேண்டும். கம்ப்யூட்டரை ரூட்டரோடு லேன் ஒயரில் இணைப்பது முக்கியம். இரண்டு பக்கமும் வைஃபை என்றால் படம் திக்கும்.

ரெண்டு பேர் ஆட ரெண்டு பீஸ் வாங்கணுமா? ஞாயித்துக்கிழமை நாலு பசங்க வந்துடுறாங்கண்ணா.

இரண்டு கன்ட்ரோலர் கட்டாயமில்லை. பல கேம்களில் ஒருவர் கீபோர்டு, ஒருவர் கன்ட்ரோலர் என்று ஆடலாம். ஆனால் ஃபுட்பாலுக்கு அது நியாயமாக இருக்காது. வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் மண் தரையில் நிஜமாகவே பந்து உதைத்து வளர்ந்த பிள்ளைகள்; கையில் கீபோர்டு கொடுத்தால் முகம் சுருங்கிவிடும். எக்ஸ்இன்புட் நான்கு கன்ட்ரோலர் வரை ஏற்கும், நால்வர் ஆடும் கேமில் நால்வரும் ஆடலாம்.

என் யோசனை, உங்களுக்கு ஒன்று நல்லதாக வாங்குங்கள், இரண்டாவது ஒயர் உள்ள விலை மலிவானதாக இருக்கட்டும், ஆனால் ட்ரிகர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விருந்தாளிக்கு மட்டமான பீஸைக் கொடுத்து ஜெயிப்பதில் என்ன சந்தோஷம் இருக்கிறது?

தம்பி, ராத்திரி பையன் ஆடுறான், சத்தத்துல வீடே தூங்க முடியல. ஹெட்போன் அதுலயே போடலாமா?

போடலாம் அக்கா, ஆனால் எப்படி இணைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். இப்போது வரும் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர், டூயல்சென்ஸ் இரண்டிலும் ஹெட்போன் ஓட்டை உண்டு. ஒயரில் இணைத்தால் கம்ப்யூட்டரின் சத்தம் அதில் வரும், ப்ளூடூத்தில் வராது. எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும் அதன் சொந்த டாங்கிளிலும் வரும். வேறு கன்ட்ரோலர் என்றால் கம்ப்யூட்டரிலேயே ஹெட்போன் போட்டுவிடலாம், நீட்டு ஒயர் கடையில் கிடைக்கும். பட்டன் தட்டும் சத்தமும் தொந்தரவென்றால், அடுத்த முறை வாங்கும்போது மவுஸ் மாதிரி 'டிக் டிக்' என்று அடிக்காத பட்டனாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேட்டரி உள்ளேயே இருக்கிறது நல்லதா, செல் போடுறது நல்லதா?

இரண்டும் ஓடும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் இரண்டு பென்சில் செல்லில் ஓடுகிறது. ரீசார்ஜ் செல் நான்கு வாங்கினால் இரண்டு ஓடும்போது இரண்டு சார்ஜில் இருக்கும். உள் பேட்டரிக்குச் செலவு இல்லை, ஆனால் சில வருடத்தில் அது தளர்ந்தால் திறந்து மாற்ற வேண்டும். சாதாரண செல்லைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் விடாதீர்கள். ஒழுகினால் ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொருக்கு ஏறும். காது குடையும் பட்ஸில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, பின் ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டால் பல நேரம் பிழைத்துக்கொள்ளும்.

எங்க வீடு காசிமேட்டாண்ட. கடல் காத்துல சைக்கிளே துருப் புடிக்குது, இது தாங்குமா?

தாங்கும், கவனித்தால். உப்புக் காற்று முதலில் தொடுவது ஸ்குரு, செல் ஸ்பிரிங், யுஎஸ்பி வாய். ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து மூடியுள்ள டப்பாவிலோ டிராயரிலோ வையுங்கள். புது செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் அதில் போடுங்கள்.

இன்னொன்று முக்கியம். பிடிப்புக்காகக் கைப்பிடியில் மெத்தென்ற ரப்பர் பூச்சு போட்டவற்றை நம் ஊருக்கு நான் சொல்லமாட்டேன். ஈரப்பதத்திலும் வியர்வையிலும் அந்தப் பூச்சு இரண்டு மூன்று வருடத்தில் பிசுபிசுக்க ஆரம்பித்துவிடும், கழுவினாலும் போகாது. சொரசொரப்பாக வார்த்த பிளாஸ்டிக் அக்னி நட்சத்திரத்திலும் வழுக்காது, வருடக்கணக்கில் அப்படியே இருக்கும்.

பின்னாடி ரெண்டு பட்டன், ஜைரோ எல்லாம் இருக்கு. ஆனா கேம்ல தனியா செட் பண்ணவே முடியல?

முன்பு சொன்ன எக்ஸ்இன்புட்டில் அவற்றுக்கு இடமே இல்லை. எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலரில் என்னென்ன இருந்ததோ அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அதனால் பின்பக்கப் பட்டன் ஏ, பி போன்ற ஏதாவது ஒரு பட்டனின் நகலாக மட்டுமே நடக்கும். அதுவே பயன்தான்: கட்டைவிரலை ஸ்டிக்கிலிருந்து எடுக்காமல் தாவலாம். ஜைரோ, அதாவது கன்ட்ரோலரையே சாய்த்துக் குறிபார்ப்பது, ஸ்டீம் நேராகப் புரிந்துகொள்ளும் மாடல்களில்தான் பிசியில் வரும். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கும் முன் உங்கள் மாடல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிரிஃப்ட் வந்துடுச்சு. டெட்ஜோன் ஏத்தினா சரியாயிடுமா?

மறையும், சரியாகாது. நடுவில் இவ்வளவு அசைவைக் கண்டுகொள்ளாதே என்று கேமுக்குச் சொல்வதுதான் டெட்ஜோன். ஏற்ற ஏற்ற ஸ்டிக்கின் மெல்லிய அசைவுகளும் சேர்ந்து போய்விடும். வாரன்டி இருந்தால் திறக்காமல் அனுப்புங்கள். இல்லை என்றால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலை ஸ்டிக்கின் அடியில் ஒரு சொட்டு விட்டுச் சுழற்றினால், தூசியால் வந்த டிரிஃப்ட் கொஞ்ச நாள் போகும். கார்பன் தேய்ந்து வந்தது போகாது; சால்டரிங் தெரிந்த மெக்கானிக்கிடம் ஸ்டிக்கை மாற்றலாம்.

நாளையோட மாத்துற டைம் முடியுது. டெஸ்ட்ல எல்லாம் பாஸ். ஆனா ஒரு மணி நேரம் ஆடினா கட்டைவிரல் அடில வலிக்குது. பழகிடுமா, திருப்பிடவா?

புது கன்ட்ரோலர் பழக மூன்று நான்கு நாள் ஆகும் என்பது உண்மை. இறுக்கிப் பிடிக்கிறீர்களா என்று பாருங்கள், புதிதில் எல்லோரும் இறுக்குவார்கள். தொடையில் தலையணை வைத்து, கையை அதன்மேல் தாங்கவிட்டு இன்று ராத்திரி ஒருமுறை ஆடுங்கள். அப்படியும் வலித்தால் அது உங்கள் கை அளவுக்கு ஆகவில்லை. வேறு பீஸ் மட்டும்தான் தருவார்கள் என்றாலும் முதலில் பணம் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் கை கொஞ்சம் பெரிய நண்பர் யாருக்காவது பில்லோடு விற்றுவிடுங்கள். பெட்டியும் உறையும் இருந்தால் விலை பெரிதாக இறங்காது. அந்தக் காசோடு ரிச்சி தெருவுக்குப் போய், இந்த முறை கையில் பிடித்துப் பார்த்து எடுங்கள்.